பின் டிபரன்ஷியலை மாற்றுமுன் கணக்கைப் பாருங்கள்

ஏப்ரல் மாதம் நெருங்கினால் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் கராஜ்களில் ஒரே பேச்சு தான். வசந்த காலக் கொண்டாட்டத்தோடு மோட்டார் பந்தயங்களும் வந்துவிடும். 1934ஆம் ஆண்டில் ஆரம்பமான மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும், ராதல்லையில் நடைபெறும் மலையேற்றப் போட்டியும் இப்பகுதி இளைஞர்களுக்கு நன்கு பழக்கமானவை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஏறும் பாதையில் வாகனங்கள் நேரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு மேலே போகும். அதற்காகக் காரைத் தயார் செய்கின்றவர்கள் என்ஜினுக்கு அடுத்ததாகக் கைவைக்கும் இடம் பின் அச்சில் இருக்கும் டிபரன்ஷியல் ஆகும்.

இது பந்தயக்காரர்களின் விடயம், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வியாபார வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு நிறையவே இருக்கிறது. மலைநாட்டில் மரக்கறி, பலசரக்கு, உரம், தேயிலை என்று எதை ஏற்றி இறக்கினாலும் நமது இலாபத்தில் பெரும் பங்கை டீசலும், கிளச்சும், பிரேக்கும், டயரும் தின்றுவிடுகின்றன. இந்த நான்கையும் ஒருசேரப் பாதிக்கின்ற ஓர் எண் நமது வாகனத்தின் பின் அச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. பத்து வருடமாக லொறி வைத்திருப்பவர்களிடம் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

எண் என்ன சொல்கிறது?

என்ஜினிலிருந்து வரும் சுழற்சி கியர் பொக்ஸ் வழியாக நீண்ட தண்டொன்றின் மூலம் பின்னால் வருகிறது. அத்தண்டின் முனையில் இருப்பது பினியன் என்ற சிறிய பற்சக்கரம். அது கிறவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிறவுனின் பற்களைப் பினியனின் பற்களால் பிரித்தால் வருவது தான் அந்த எண். பினியனில் 10 பல், கிறவுனில் 43 பல் என்றால் 4.3 ஆகும். அதாவது, சக்கரம் ஒரு தடவை சுற்ற, தண்டு 4.3 தடவை சுற்ற வேண்டும்.

எண் கூடினால் சக்கரத்தில் இழுவை கூடும். ஆனால் அதே வேகத்துக்கு என்ஜின் அதிகமாகச் சுற்ற வேண்டும். எண் குறைந்தால் என்ஜின் அமைதியாக ஓடும். ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இதை ஒரு தராசு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் வைத்ததை மறு தட்டில் கட்டியே ஆக வேண்டும். டிபரன்ஷியலை மாற்றினால் என்ஜினின் குதிரை வலு கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு குதிரை கூடக் கூடாது. உள்ள வலுவை எந்த வேகத்தில் செலவழிப்பது என்பது மட்டுமே மாறும்.

பந்தயக் காரில் நடப்பது

ஒரு நல்ல உதாரணத்தைப் பார்ப்போம். ஜப்பானில் 1983 முதல் 1987 வரை தயாரிக்கப்பட்ட டொயோட்டா கொரோல்லா லெவின், ஏ.ஈ.86 என்ற பெயரில் உலகெங்கும் பிரபலமான பின் சக்கர இழுவைக் கார். 1600 சி.சி. இரட்டைக் கேம் என்ஜினைக் கொண்டது. ஜப்பானியச் சந்தைக்கு வந்த காரின் பின் அச்சு எண் 4.3. பந்தயம் ஓடுபவர்கள் இதைக் கழற்றிவிட்டு 9 பல் பினியன், 43 பல் கிறவுன் உள்ள சோடியைப் போடுவதுண்டு. அதன் எண் 4.778. வித்தியாசம் நூற்றுக்கு 11.

இந்தக் காரின் இரண்டாம் கியர் 2.022. டயர் 185/60, 14 அங்குலம். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.81 மீற்றர். என்ஜினை நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை கொண்டுபோனால், பழைய சோடியில் இரண்டாம் கியரில் மணிக்கு 94 கிலோமீற்றர் போகும். புதிய சோடியில் 84 தான் போகும். முதலாம் கியரில் 53 என்பது 48 ஆகிவிடும். பத்து கிலோமீற்றர் வேகத்தை விட்டுக்கொடுத்து என்ன வாங்கினோம்? சக்கரத்தில் நூற்றுக்கு 11 அதிக இழுவை.

கூரிய வளைவு ஒன்றிலிருந்து 40 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டாம் கியரில் வெளிவரும் காரை நினைத்துப் பாருங்கள். பழைய சோடியில் என்ஜின் 3,200 சுற்றளவில் தவிக்கும். புதிய சோடியில் 3,550இல் இருக்கும். இவ்வகை என்ஜின்களின் வலு மேல் சுற்றுகளில் தான் கிடைக்கிறது என்பதால், மேலே ஏறும் நேரம் சுருங்கும். மலையேற்றப் பாதையில் 94 கிலோமீற்றர் வேகத்துக்கு இடமேயில்லை என்றால், விட்டுக்கொடுத்த பத்து கிலோமீற்றர் ஒரு நட்டமே அல்ல. உபயோகமில்லாத சரக்கைக் கொடுத்து, தேவையான சரக்கை வாங்கியது போலத்தான்.

ஆனால் அதே காரை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனால் நிலைமை வேறு. ஐந்தாம் கியரில் 80 கிலோமீற்றர் வேகத்தில் முன்பு 2,720 சுற்றில் ஓடிய என்ஜின், இப்போது 3,020 சுற்றில் இரையும். பெற்றோல் கூடும், சத்தம் கூடும், என்ஜின் தேய்வும் கூடும். வருடத்தில் ஒரு நாள் ஏறும் மலைக்காக மற்ற 364 நாளும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே இரண்டு விடயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வளைவில் உட்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாமல் இரு சக்கரமும் சேர்ந்து இழுக்கச் செய்வது ‘லிமிட்டட் ஸ்லிப்’ என்ற வேறொரு ஏற்பாடு. அதற்கும் பல் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. சில கடைகளில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லி ஒரே விலையாகக் கேட்பார்கள். எதற்குப் பணம் கொடுக்கின்றீர்கள் என்று பிரித்துக் கேளுங்கள். அதேபோல், முன் சக்கர இழுவைக் கார்களில் இந்தப் பற்சக்கரச் சோடி கியர் பொக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதை மாற்றுவதென்றால் கியர் பொக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும். கூலி அதற்கேற்பக் கூடும்.

லொறிக்கு இது பொருந்துமா?

ஹட்டனில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “நானா, மகன் காருக்குப் பின் டிபரன்ஷியல் மாத்தணும் எண்டு காசு கேக்கிறான். மாத்தினா நல்லா இழுக்குமாம். அப்பிடியெண்டா என்ட லொறிக்கும் அதையே செஞ்சா என்ன? கினிகத்தேனை ஏத்தத்துல உயிர் போகுது.”

கேள்வி நியாயமானது. அவருக்கு நான் முதலில் சொன்னது, “தம்பி, உங்கட லொறி எங்கே உழைக்குது எண்டு முதல்ல பாருங்க” என்பது தான். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு வரும் ஏ-7 பாதையில் கித்துல்கலை தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். ஆனால் கொழும்பிலிருந்து அவிசாவளை வரை சமதரை தான். ஒரே பயணத்தில் இரண்டு விதமான பாதை.

ஏற்றம் என்னதான் கேட்கிறது என்று கணக்குப் போடலாம். வாகனமும் சரக்குமாக 6 தொன் எடையுள்ள லொறி ஒன்று, நூறு மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் சரிவில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் உருளும் தடையையும் சேர்த்தால், சுமார் 540 கிலோவைத் தூக்கும் அளவு இழுவை சக்கரத்தில் வேண்டும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் ஏறக்குறைய 49 குதிரை வலு வேண்டும். 30 கிலோமீற்றர் வேகத்துக்கு 59 வேண்டும். இந்தக் கணக்கை எந்தப் பற்சக்கரமும் மாற்றாது.

பின் ஏன் மாற்ற வேண்டும்? மூன்றாம் கியரில் என்ஜின் இறங்கிப் போகிறது, இரண்டாம் கியரில் வீணாக இரைகிறது, இரண்டுக்கும் நடுவில் சாரதி தவிக்கிறார் என்றால் அங்கே தான் இதற்குப் பயன் இருக்கிறது. 7 பல் பினியன், 40 பல் கிறவுன் என்றால் எண் 5.71. அதற்குப் பதிலாக 6 பல் பினியன், 37 பல் கிறவுன் போட்டால் 6.17. இழுவை நூற்றுக்கு 8 கூடுகிறது. முன்பு மூன்றாம் கியரில் நின்றுவிட்ட லொறி, இப்போது அதே கியரில் மெதுவாகவேனும் ஏறிவிடக் கூடும். அடிக்கடி கியர் மாற்றுவதும், கிளச்சைப் பாதி மிதித்துக்கொண்டு ஏற்றத்தில் புறப்படுவதும் குறையும். கிளச் தட்டின் ஆயுள் கூடும்.

அதே நேரத்தில், இப்போது தவிப்பில்லாத வேறு ஓர் ஏற்றத்தில் புதிதாகத் தவிப்பு வரவும் இடமுண்டு. எல்லாக் கியர்களும் ஒரே அளவு கீழே இறங்குகின்றனவே தவிர, கியர்களுக்கு இடையிலுள்ள இடைவெளி சுருங்குவதில்லை. ஆகவே உங்கள் லொறி அதிகமாக ஏறும் பாதை எது, அதில் அதிக நேரம் எந்தக் கியரில் போகிறது என்று சாரதியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கராஜ் பாஸை விட உங்கள் சாரதிக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரே தோட்டம், இரண்டு லொறி

தேயிலைத் தோட்டங்களில் இதை நன்றாகக் காணலாம். கொழுந்து ஏற்றும் லொறி மலைச்சரிவுகளில் ஏறி இறங்கி, மடுவம் மடுவமாக நின்று, கொழுந்தை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வருகிறது. நாள் முழுவதும் ஓடினாலும் அது வேகமாகப் போக வேண்டிய இடமே இல்லை. அதற்குப் பெரிய எண் தான் பொருத்தம். அதே தொழிற்சாலையிலிருந்து தயாரான தேயிலையை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கும் லொறிக்கு அது பொருந்தாது. 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்துக்கான சரக்கு நீண்ட தூரம் போக வேண்டும். அதில் கணிசமான பகுதி சமதரை. ஒரே தோட்டம், ஒரே சரக்கு, ஆனால் இரண்டு லொறிக்கும் இரண்டு எண்.

பழைய லேண்ட் ரோவர் ஜீப்களை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீரீஸ் வகை லேண்ட் ரோவரின் அச்சு எண் 4.7. பிற்காலத்து டிபெண்டரின் எண் 3.54. பழைய ஜீப்பில் 3.54ஐப் போட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் சுற்று நூற்றுக்கு 25 குறையும், காதுக்கு நிம்மதி. ஆனால் ஒவ்வொரு கியரிலும் கால்வாசி இழுவை போய்விடும். தோட்டத்துக் கற்பாதையில் ஏறுவதற்குத் தான் அந்த ஜீப்பை வைத்திருக்கின்றீர்கள் என்றால், இது கையிலிருப்பதைக் கொடுத்து கடன் வாங்கிய கதை தான். மேலும், நான்கு சக்கர இழுவை வாகனத்தில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கரத்தையும் இணைத்து ஓட்டினால், முன்னும் பின்னும் ஒன்றோடொன்று இழுபட்டு டிரான்ஸ்பர் கியர் பெட்டி உடைந்துவிடும்.

முதலில் டயரைப் பாருங்கள்

எதையும் கழற்றுமுன் செலவில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. உங்கள் வாகனத்துக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு டயர் தானா போட்டிருக்கின்றீர்கள்? 7.00-16 டயர் இருக்க வேண்டிய இடத்தில் அதிகச் சுமை தாங்கட்டும் என்று 7.50-16 போட்டிருந்தால், டயரின் விட்டம் நூற்றுக்கு 3 முதல் 4 வரை கூடிவிடும். அதாவது, யாரும் கைவைக்காமலே உங்கள் 5.71 என்ற எண் 5.5 ஆகிவிட்டது. “முந்தி நல்லா இழுத்த லொறி இப்ப இழுக்குதில்ல” என்ற முறைப்பாட்டுக்கு அடைபட்ட எயார் பில்டர், டீசல் பம்ப் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இதையும் பாருங்கள். டயர் தேய்ந்து மாற்றும் போது சரியான அளவுக்குத் திரும்பினால் போதும். டிபரன்ஷியலைத் தொடவே வேண்டாம்.

இருக்கும் எண்ணைத் தெரிந்துகொள்வதும் இலகுவே. சமதரையில் வாகனத்தை நிறுத்தி, மற்ற மூன்று மூலைக்கும் நன்றாகக் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி ஸ்டாண்ட் கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, அச்சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். தண்டு எத்தனை தடவை சுற்றுகிறதோ, அது தான் எண். லிமிட்டட் ஸ்லிப் இல்லாத சாதாரண டிபரன்ஷியலுக்கு இது பொருந்தும். தண்டில் சோக்கால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். இரட்டைச் சக்கர லொறிகளில் இதைக் கராஜில் வைத்தே செய்யுங்கள்.

மீற்றர் சொல்லும் பொய்

இது வியாபாரிகள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விடயம். வேகம் காட்டும் மீற்றருக்கான வயர் கியர் பொக்ஸின் பின்புறத்திலிருந்து வரும் வாகனங்களில், டிபரன்ஷியல் எண்ணை மாற்றினால் மீற்றர் பிழையாகக் காட்டும். எண்ணை நூற்றுக்கு 8 கூட்டினால், 100 கிலோமீற்றர் ஓடியதை 108 என்று பதியும். வேகத்தையும் கூட்டியே காட்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். உண்மையில் லீற்றருக்கு 6.5 கிலோமீற்றர் ஓடும் லொறி, மீற்றர் கணக்கில் 7 ஓடியதாகத் தெரியும். “மாத்தின பிறகு டீசலும் மிச்சம் நானா” என்று சந்தோஷப்படுபவர்களில் பலர் இந்த மீற்றரைத் தான் நம்புகிறார்கள். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓடுபவர்கள் வாடிக்கையாளரிடம் ஓடாத தூரத்துக்கும் காசு வாங்கிவிடுவார்கள். தெரிந்தோ தெரியாமலோ, அது பிறர் காசு. மறுபுறமாக எண்ணைக் குறைத்தவருக்கு மீற்றர் குறைவாகக் காட்டும். 60இல் போவதாக நினைத்து அதற்கு மேல் போய்ப் பொலிஸாரிடம் தண்டம் கட்ட நேரிடும். ஆகவே மாற்றிய உடனே வீதியோரக் கிலோமீற்றர் கற்களோடு அல்லது கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, மீற்றரின் சிறிய பற்சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள்.

சாமான் வாங்கும் போது

கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்த வாகனத்துக்கும் பழைய சாமான் கிடைக்கும் என்பார்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும் வரை, இருக்கும் வாகனத்தைத் திருத்தி ஓட்டுவதே நம்மில் பலருக்கு ஒரே வழியாக இருந்தது. அப்போது பழைய சாமானின் பெறுமதி எல்லோருக்கும் புரிந்தது. டிபரன்ஷியல் வாங்கப் போகின்றவர்கள் கீழ்வரும் விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

கிறவுனும் பினியனும் பிறவிச் சோடி. தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தியே அனுப்புகிறார்கள். இரண்டிலும் ஒரே சோடி எண் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. ஒரு கூட்டிலிருந்து கிறவுனையும் இன்னொன்றிலிருந்து பினியனையும் எடுத்துச் சேர்த்துக் கொடுத்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஒரு சில ஆயிரம் கிலோமீற்றரில் ஊளையிடத் தொடங்கும். பிறகு பல் போகும்.

கடைக்காரர் சொல்லும் எண்ணை மட்டும் நம்பாமல், பற்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். பற்களின் முகத்தில் குழி, நீல நிறம், ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நீல நிறம் என்பது ஒயில் இல்லாமல் சூடேறி ஓடியதன் அடையாளம்.

முடிந்தால் சோடியை மட்டும் வாங்காமல், உங்கள் வாகனத்தின் அச்சுக்கே பொருந்தும் வேறு எண் கொண்ட முழுக் கூட்டையும் வாங்குங்கள். அதைக் கழற்றாமல் அப்படியே மாற்றலாம். தொழிற்சாலைப் பொருத்தம் கெடாது. பழையதைப் பத்திரமாக எண்ணெய் பூசி வைத்துக்கொள்ளுங்கள். மனம் மாறினால் திரும்பப் போடலாம். வாகனத்தை விற்கும் போது வாங்குபவர் கேட்டாலும் கொடுக்கலாம். மாற்றியதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது தான் முறை.

பொருத்தும் வேலை

இது ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எல்லோருக்குமான வேலையல்ல. கிறவுனுக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் சிறு பகுதியே. சிறிய கார்களில் இது சுமார் 0.15 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஒவ்வொரு வாகனத்துக்கும் தயாரிப்பாளர் தரும் அளவு வேறு. அதை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து “சரி” என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பல்லில் சாயம் பூசிச் சுற்றி, எந்த இடத்தில் படுகிறது என்று பார்த்து, மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்துப் பினியனின் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். பெயாரிங், ஒயில் சீல் எல்லாம் புதிதாகப் போடுவது தான் சிக்கனம். அவற்றில் மிச்சம் பிடித்தால் அதே கூலியை இரண்டாம் தடவையும் கொடுக்க நேரும்.

ஒயிலும் முக்கியம். இவ்வகைப் பற்களுக்கு ஜி.எல்.-5 தரத்திலுள்ள கியர் ஒயில் வேண்டும். புதிய சோடி போட்டதும் முதலில் 15, 20 கிலோமீற்றர் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். முதல் 500 கிலோமீற்றருக்குப் பாரச் சுமை வேண்டாம். பிறகு ஒயிலை மாற்றிவிடுங்கள். மரக்கறிப் பருவத்தின் நடுவில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். லொறி சும்மா நிற்கும் நாட்களும் செலவு தான்.

இறக்கத்தை மறக்கக் கூடாது

ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மலைநாட்டில் உயிர் போவது இறக்கத்தில் தான். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ராதல்லைப் பகுதியில் நடந்த பஸ் விபத்தில் 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லைப் பகுதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்விபத்துகளின் காரணத்தைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இந்தப் பாதைகளில் பிழைக்கு இடமில்லை என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

6 தொன் லொறியை நுவரெலியா உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறக்கும் போது வெளியாகும் சக்தி ஏறக்குறைய 30 யுனிட் மின்சாரத்துக்குச் சமம். 2,000 வொட் கேத்தல் ஒன்றைப் பதினைந்து மணித்தியாலம் கொதிக்கவிட்டது போல. அந்தச் சூடு எங்கேயாவது போக வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை ஏற்கும்; மீதி என்ஜினுக்குள் போனால் நல்லது, பிரேக் டிரம்முக்குள் போனால் ஆபத்து. சூடேறிய பிரேக் பிடிக்காது என்பது எல்லாச் சாரதிக்கும் தெரியும்.

பெரிய எண்ணுக்கு இங்கே ஒரு நன்மை உண்டு. அதே கியரில், அதே வேகத்தில் இறங்கும் போது என்ஜின் அதிகமாகச் சுற்றி, வாகனத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். எண்ணை 5.71இலிருந்து 6.17ஆக்கினால், இந்தப் பிடிப்பு நூற்றுக்கு 8க்குக் குறையாமல் கூடும். சமதரை மிச்சத்துக்காக எண்ணைக் குறைப்பவர்கள் இந்தப் பிடிப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள். டீசல் மிச்சத்தைக் கணக்கிடுபவர் இதையும் கணக்கில் எழுத வேண்டும். எந்த எண்ணாக இருந்தாலும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய சாரதிகளின் விதி மாறாது. பெரிய எண் போட்டுவிட்டோம் என்று பிரேக்கைப் பார்க்காமல் விடுவதும் கூடாது.

பேரேட்டில் எழுதிப் பாருங்கள்

இனிக் கணக்குக்கு வருவோம். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்வர 40 லீற்றர் டீசல் எரிக்கும் லொறி மாதம் 12 தடவை போகிறது என்றும், அதில் பாதி டீசல் சமதரையில் எரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பெரிய எண்ணால் சமதரையில் நூற்றுக்கு 4 கூடுதலாகப் போனால், ஒரு பயணத்துக்கு 0.8 லீற்றர், மாதத்துக்கு 9.6 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் மாதம் 2,880 ரூபா; வருடத்துக்கு 34,560 ரூபா. இது பற்றுப் பக்கம்.

ஏற்றத்துக்கான டீசலில் பெரிய மிச்சம் எதிர்பார்க்காதீர்கள். 6 தொன்னை நுவரெலியா உயரத்துக்குத் தூக்கவே ஏறக்குறைய 10 லீற்றர் டீசல் வேண்டும். அது மலை வாங்கும் வரி. வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது கிளச் தட்டின் கூடுதல் ஆயுள், பிரேக் லைனிங்கின் கூடுதல் ஆயுள், பயணத்தில் மிஞ்சும் நேரம் ஆகியவை தான். உங்கள் பழைய பில்களை எடுத்துக் கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை கிளச், எத்தனை லைனிங் மாற்றினீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். அது வருடத்துக்கு 34,560 ரூபாவை விடக் கணிசமாக அதிகமாகவும், சாமானும் கூலியும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் திரும்பி வரும் அளவிலும் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். டீசல் விலையும் நிலையானதல்ல. 2021 நடுப்பகுதியில் 111 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஓட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவானதை நாம் பார்த்தோம். ஆகவே இரண்டு மூன்று விலைகளில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மரக்கறியை நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்கும் கம்பளைக்கும் மட்டும் கொண்டுபோகின்றவருக்கும், கொழுந்து ஏற்றுகின்றவருக்கும் கணக்கு அநேகமாகப் பெரிய எண்ணுக்குச் சாதகமாக வரும். வாரம் மூன்று தடவை கொழும்பு போகின்றவருக்குப் பெரும்பாலும் இருக்கும் எண்ணே போதும்; டயர் அளவும், என்ஜின் சர்வீஸும், சாரதியின் பழக்கமும் சரியாக இருந்தால் சரி. மலையேற்றப் போட்டிக்கென்றே ஒரு காரை வைத்திருக்கும் இளைஞருக்கு அது பொழுதுபோக்குச் செலவு. அதைக் கடையின் கல்லாவிலிருந்து எடுக்காமல் தனியாக எழுதிவைத்தால் வீட்டிலும் பிரச்சினையில்லை.

கராஜுக்குப் போகுமுன் ஒரு துண்டில் நான்கு விடயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: இப்போதுள்ள எண், போட்டிருக்கும் டயர் அளவு, மாதத்தில் ஓடும் ஏற்றத் தூரமும் சமதரைத் தூரமும், இரண்டு வருடத்துக் கிளச், பிரேக் செலவு. இந்த நான்கும் கையில் இருந்தால் பாஸுடன் பேசுவது சுலபம். இவை இல்லாமல் போனால் அவர் சொல்லும் எண் தான் உங்கள் எண்ணாகும். அதற்குரிய டீசலை வருடக்கணக்கில் நீங்கள் தான் அடிக்க வேண்டும்.